கருவி பிடிக்கும் கோணம், கை அறியும் பிசிறு



சட்டைப் பையில் வைக்கும் மடக்குக்கத்தியை வீட்டிலேயே தீட்டிக்கொள்வதற்கு இன்று பல கருவிகள் விற்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் அத்தனையும் செய்வது ஒரே ஒரு வேலை: கல்லுக்கும் கத்திக்கும் இடையே உள்ள கோணத்தை மாறாமல் பிடித்துக்கொள்வது. எவ்வளவு அழுத்துவது, எந்தக் கல்லில் எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது அடுத்த கல்லுக்குப் போவது, எப்போது போதும் என்று எழுவது என்பதெல்லாம் இன்னும் உங்கள் கையிடமே இருக்கிறது. பெட்டியை வாங்கி வந்து, குறிப்புத்தாளில் சொன்னபடி பக்கத்துக்கு இருபது முறை எண்ணித் தேய்த்துவிட்டு, தக்காளித் தோலில் கத்தி இன்னும் வழுக்குகிறதே என்று மனம் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிசிறு என்ற ஒன்றைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைய பேச்சில் பெரும்பகுதி அந்தப் பிசிறுக்குத்தான்.

கூர்மை என்றால் என்ன? ஓட்டு வீட்டுக் கூரையில் இரண்டு சரிவுகளும் ஏறி முகட்டில் சேர்கின்றன அல்லவா, அதுபோலக் கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் வந்து ஒரு கோட்டில் சேர்கின்றன. அந்தக் கோட்டைப் பட்டறையில் வாய் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நன்றாகத் தீட்டிய வாயின் அகலம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். புழங்கப் புழங்க அந்த வாய் தேய்ந்து உருண்டுபோகும். சில நேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். எலும்பிலோ கம்பியிலோ பட்டால் பொடிப்பொடியாக உதிரும். சில மைக்ரான் உருண்டாலே போதும், கத்தி மழுங்கிவிட்டது என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆகவே தீட்டுவது என்பது, இரண்டு சரிவுகளும் மறுபடி ஒன்றையொன்று தொடும்வரை இரும்பைத் தேய்த்து எடுப்பது. தொட்டுவிட்டனவா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. தொட்டுவிட்டன என்று நமக்கு அறிவிக்கும் சாட்சிதான் பிசிறு. அதற்கு வருகிறேன்.

மடக்குக்கத்திக்கு ஏன் தனிக் கருவி? அருவாளுக்கும் அரிவாள்மணைக்கும் வாய் தடிப்பு. தெருவில் மிதிச்சக்கரத்தோடு வரும் சாணைக்காரர் அவற்றைச் சில நிமிடங்களில் சரிசெய்து தந்துவிடுவார். அந்தக் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பையில் அடங்கும் கத்தியின் அலகு மெல்லியது, அகலமும் குறைவு. ஒரு எடுத்துக்காட்டு: சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை தொடங்கினார். 1891-இல் சுவிஸ் படைவீரர்களுக்கு அங்கிருந்து கத்திகள் போயின. 1897-இல் உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சிவப்புப் பிடிக் கத்தியின் முன்னோடி பதிவானது. அதுதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அந்த அலகை 1040 டிகிரி செல்சியசில் சூடேற்றிக் கடினமாக்கி, பிறகு 160 டிகிரியில் பதப்படுத்துகிறார்கள். ராக்வெல் அளவில் 56 என்ற கடினம் அப்படித்தான் கிடைக்கிறது. இப்போது அதே அலகைத் தண்ணீர் இல்லாத சக்கரத்தில் வைத்தால் என்ன ஆகும்? வாயின் நுனியில் இரும்பு மிகக் குறைவு, வெப்பம் ஓடி ஒளிய இடமில்லை. நொடியில் அந்த 160 டிகிரியைத் தாண்டிவிடும், பதம் போய்விடும். நிறம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாமே என்பீர்கள். சாதாரண எஃகில் மஞ்சள் நிறம் தெரியத் தொடங்குவதே 200 டிகிரி வாக்கில்தான். துருப்பிடிக்காத எஃகில் அதற்கும் மேலே. கண்ணுக்குத் தெரியும்போது காரியம் கெட்டு முடிந்திருக்கும். கையால், கல்லில், மெதுவாகத் தீட்டும்போது இந்த ஆபத்தே இல்லை.

அதோடு, மடக்குக்கத்தியிடம் நாம் கேட்கும் வேலை நுணுக்கமானது. மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறவரைக் கேட்டுப்பாருங்கள். வெட்டிய இடம் நசுங்காமல், கிழியாமல், கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் சேரும். மின்கம்பியின் மேலுறையை உரிப்பவருக்கு உள்ளே இருக்கும் செம்பு கீறிவிடக் கூடாது. மழுங்கிய கத்தி வேலையைக் கெடுப்பதோடு, கூடுதல் பலம் கொடுக்க வைத்து, வழுக்கி, கையையும் பதம் பார்த்துவிடும்.

உங்கள் கத்தியின் எஃகு எது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கல்லைத் தேர்வதே அதை வைத்துத்தான். விக்டோரினாக்சின் எஃகும், பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தியின் எஃகும் எந்தக் கல்லுக்கும் இணங்கும். ஒப்பினெலின் கார்பன் எஃகு அலகு துருப்பிடிக்கும், எலுமிச்சை பட்டால் கறுக்கும். ஆனால் கல்லில் வைத்தால் வெண்ணெய். தீட்டப் பழகுகிறவர்களுக்கு அதைத்தான் நான் முதலில் கையில் கொடுப்பேன். இன்னொரு பக்கம், 2001-இல் அமெரிக்காவின் குருசிபிள் ஆலையிலிருந்து வந்த எஸ்30வி போன்ற தூள் உலோக எஃகுகள். அதில் 4 விழுக்காடு வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து எஃகுக்குள் மிகச் சிறிய பரல்களாக நிற்கிறது. அந்தப் பரலின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 2800. சாதாரணத் தீட்டுக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு சுமார் 2000. கல்லைவிடப் பரல் கடினமாக இருந்தால் கல் சுற்றியுள்ள எஃகைத்தான் அரிக்கும், பரலை அறுக்காது. அப்படிப்பட்ட கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடே ஏற்றது. விலையுயர்ந்த கத்தியை வாங்கிவிட்டு மலிவான கல்லோடு மல்லுக்கட்டுவதன் காரணம் இதுதான், கையின் குறை அல்ல.

அலுமினியம் ஆக்சைடு என்றேனே, அது இயற்கையில் கிடைக்கும்போது குருந்தக்கல். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்ற ஊரைச் சுற்றி அது பாறைகளுக்குள் கிடைக்கிறது.  இன்று கடையில் வாங்கும் கற்களில் இருப்பது ஆலையில் செய்த அலுமினியம் ஆக்சைடு. கொஞ்சம் கறுப்பாக மினுங்கினால் அது சிலிக்கன் கார்பைடு, அமெரிக்கர் எட்வர்ட் ஆச்சிசன் 1891-இல் மின்உலையில் செய்து காட்டி, கார்பரண்டம் என்று பெயர் வைத்த பொருள்.

கருவிகளுக்கு வருவோம். ஒரு வகையை உடனே ஒதுக்கிவிடுகிறேன்: பிளவுக்குள் கத்தியைச் செருகி இழுக்கும் சிறிய பெட்டி. அதற்குள் இருக்கும் கடின உலோகத் தகடுகள் வாயைத் தேய்ப்பதில்லை, சீவி எடுக்கின்றன. அப்போதைக்குக் கடிக்கும், சீக்கிரம் மழுங்கும், ஒவ்வொரு முறையும் இரும்பு வீணாகும். சமையலறையில் அவசரத்துக்கு ஆகலாம். நல்ல மடக்குக்கத்திக்கு ஆகாது.

இரண்டாவது வகை, சாய்த்து நிறுத்திய கோல்கள். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஷார்ப்மேக்கர் இதில் புகழ்பெற்றது. பிளாஸ்டிக் அடிப்பலகையில் இரண்டு முக்கோணப் பீங்கான் கோல்கள் வி வடிவில் நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, உங்கள் பக்கம் இழுத்தபடியே நேராகக் கீழே இறக்கினால் போதும். கோணத்தைக் கோல் பார்த்துக்கொள்ளும். இரு பக்கமும் சேர்த்து 40 டிகிரி, 30 டிகிரி என்று இரண்டு நிலைகள் உண்டு. கையைக் காக்க இரண்டு பித்தளைக் கம்பிகளும் உண்டு. அவற்றைச் செருகாமல் தொடங்கவே கூடாது. இதற்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கோல் கறுத்துப்போனால் பாத்திரம் தேய்க்கும் பொடியும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் மறுபடி வெட்டும். கழுவாத கோலில் மணிக்கணக்கில் தேய்த்தாலும் இரும்பின் மேல் இரும்புதான் உரசும். தினமும் புழங்கும் கத்தியைப் பராமரிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. ஆனால் முற்றிலும் மழுங்கிய கத்தியையோ, ஆலையிலிருந்தே தப்பான கோணத்தில் வந்த கத்தியையோ இதன் நடுத்தரக் கோலில் சரிசெய்ய நினைத்தால் பொழுது போய்விடும்.

மூன்றாவது வகை, பிடியும் கம்பியும். கத்தியின் முதுகை ஒரு கிடுக்கி பற்றிக்கொள்ளும். கல் ஒரு கம்பியின் முனையில் இருக்கும். கம்பி ஒரு துளை வழியாகவோ மூட்டு வழியாகவோ போய்வரும். துளையின் உயரம்தான் கோணம். அமெரிக்காவின் லான்ஸ்கி பெட்டியில் 17, 20, 25, 30 டிகிரி என்று நான்கு துளைகள். ஓரிகன் மாநிலத்தின் எட்ஜ் புரோவில் கிடுக்கி இல்லை, கத்தி மேசைமேல் படுத்திருக்கும், கையால் நகர்த்திக்கொண்டே போகலாம், கோணத்தை விருப்பம்போல் மாற்றலாம். விக்கட் எட்ஜ் என்ற கருவியில் இரு பக்கமும் இரண்டு கைக்கம்பிகள், மாறி மாறித் தேய்க்கலாம். இவற்றைப் பார்த்துச் சீனாவில் செய்த மலிவான கருவிகள் நம் ஊர் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் கம்பி மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆட்டம் இருந்தால் கோணம் ஆடும். கோணத்துக்காக வாங்கிய கருவியில் கோணமே நிலைக்காது.

ஒரு எச்சரிக்கை: பெட்டியில் 20 டிகிரி என்று எழுதியிருந்தால் அது ஒரு பக்கத்துக்கா, இரு பக்கமும் சேர்த்தா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. மடக்குக்கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை பொருந்தும். அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என்று மென்மையான வேலைக்கு 15-ஐ நோக்கிப் போகலாம். சுள்ளி சீவவும் கடினமான பொருளில் குத்தவும் வேண்டுமானால் 20-இல் நில்லுங்கள். 2020-இல் வெளியான ‘நைஃப் எஞ்சினியரிங்’ நூலை எழுதிய உலோகவியலாளர் லாரின் தாமஸ், எஃகை மாற்றுவதைவிடக் கோணத்தைக் குறைப்பது வெட்டும் ஆயுளை எவ்வளவு கூட்டுகிறது என்று சோதனைகளால் காட்டியிருக்கிறார். புதுக் கத்திக்குச் செலவழிக்கும் முன் உள்ள கத்தியின் கோணத்தைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி வேலை. மேசையில் பழைய துணி விரித்து, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். கத்தியைக் கழுவித் துடைத்து, கிடுக்கியில் முதுகைப் பற்ற வையுங்கள். முதுகில் ஒரு சுற்று காகித நாடா ஒட்டினால் கீறல் விழாது. இப்போது பார்சலில் முகவரி எழுதும் தடித்த மார்க்கர் பேனாவால் வாயோரச் சரிவு முழுக்க மை பூசுங்கள், இரு பக்கமும். நடுத்தரக் கல்லை எடுத்து, அழுத்தாமல், இரண்டே இரண்டு முறை தேய்த்துவிட்டுப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறது? சரிவின் மேற்பகுதியில், தோளில் மட்டும் போயிருந்தால் உங்கள் கோணம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. கல் வாயைத் தொடவே இல்லை. வாயின் நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். சரிவு முழுக்கப் போயிருந்தால் பழைய கோணத்தை அப்படியே பிடித்துவிட்டீர்கள். வாய்க்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள அலகில், 20 டிகிரியில் இந்தச் சரிவின் அகலம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. 15 டிகிரியில் ஒரு மில்லிமீட்டரைத் தொடும். அவ்வளவு சிறிய இடத்தில் நடக்கும் வேலையை வெறும் கண்ணால் கணிக்க முடியாது. மை சொல்லிவிடும். விலையில்லாத இந்த ஒரு பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கத்தியைக் கிடுக்கியில் எங்கே பற்ற வைப்பது என்பதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கிடுக்கியிலிருந்து விலகிப் போகப் போகக் கோணம் குறைந்துகொண்டே போகும் என்கிறார்கள். நேரான வாயில் அப்படி நடக்காது. பள்ளிக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு தளம்தான் போகும். வாய் நேர்கோடு, கம்பியின் துளை புள்ளி, கல்லின் முகம் அந்தத் தளம். வாயின் எந்த இடத்தில் கல்லை வைத்தாலும் தளம் அதேதான், கோணமும் அதேதான். சிக்கல் வருவது வாய் வளைந்து நுனியை நோக்கி ஏறும் இடத்தில். அங்கே ஒவ்வொரு இடத்திலும் தொடுகோடு வேறு. துளையிலிருந்து அந்தத் தொடுகோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரமும் வேறு. நேர்ப்பகுதியில் அந்தத் தூரம் 10 சென்டிமீட்டர், கோணம் 20 டிகிரி என்று வையுங்கள். வளைவில் தூரம் 9 ஆனால் கோணம் 22 ஆகிவிடும். 11 ஆனால் 18-ஐ ஒட்டிவிடும். கிடுக்கியைப் பிடியின் பக்கம் தள்ளி வைத்தால் நுனியில் தூரம் கூடி, சரிவு அகன்று, வாய் மெலிந்துபோகும். நுனிக்கு நேர் கீழே வைத்தால் தூரம் குறைந்து நுனி மொண்ணையாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் உண்டு. ஒவ்வொரு கத்திக்கும் அது வேறு. மை பூசி, நேர்ப்பகுதியிலும் வளைவிலும் நுனியிலும் ஒரேபோல அழிகிறதா என்று பார்த்து, கிடுக்கியை அரை விரல் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடியுங்கள். கண்டதும் முதுகில் ஒட்டிய நாடாவில் கோடு போட்டு, பிடியிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே இடம், அதே கோணம் என்றால் வேலை பாதியாகும்.

இப்போது முரட்டுக் கல். ஒரு பக்கம் மட்டும் தேய்க்கத் தொடங்குங்கள். கல்லின் எடையோடு விரலின் எடை சேர்ந்தால் போதும். பிடியின் ஓரத்திலிருந்து நுனிவரை, நுனியைத் தாண்டிக் கல்லை வழுக்க விடாமல். வழுக்க விட்டால் நுனி உருண்டுபோகும். எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். எண்ணிக்கையை நம்புவதுதான் குறிப்புத்தாள்கள் நமக்குச் செய்யும் தீங்கு. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தி, மறுபக்கத்தைத் தொட்டுப்பாருங்கள். கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்குக் குறுக்காக, வெளிப்புறமாக இழுங்கள். வாயின் நெடுக்கே ஒருபோதும் இழுக்காதீர்கள். ஓரிடத்தில் நகம் மாட்டுவதுபோல, மெல்லிய சொரசொரப்பு ஒன்று தட்டுப்படும். அதுதான் பிசிறு. நீங்கள் தேய்த்த சரிவு மறுபக்கச் சரிவைத் தொட்டுவிட்டது, இனி இரும்புக்குப் போக இடமில்லை, மெல்லிய இழையாக மறுபக்கம் மடிந்துவிட்டது என்று அர்த்தம். பிடி முதல் நுனி வரை ஓரிடமும் விடாமல் பிசிறு கிடைக்கும்வரை பக்கத்தை மாற்றவே கூடாது. நடுவில் இருக்கிறது, நுனியில் இல்லை என்றால் நுனியில் இன்னும் தேய்க்க வேண்டும். விரலில் தெரியாவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சியை அதேபோல இழுத்துப்பாருங்கள். பிசிறு இருந்தால் பஞ்சு இழை சிக்கும்.

முழு நீளமும் பிசிறு கிடைத்தபிறகு கத்தியைப் புரட்டி மறுபக்கம் அதேபோல. இரண்டாவது பக்கம் பிசிறு சீக்கிரம் வரும். முரட்டுக் கல்லில் இந்த வேலை முடிந்துவிட்டால் கத்தி தீட்டியாகிவிட்டது. மீதிக் கற்களெல்லாம் முந்தைய கல் போட்ட கீறல்களை மெருகேற்றத்தான். முரட்டுக் கல்லில் பிசிறு வராமலேயே வழவழப்பான கல்லுக்குத் தாவியவர்கள், கண்ணாடிபோல் மின்னும் மொண்ணைக் கத்தியை எடுத்துக்கொண்டு எழுவார்கள்.

நடுத்தரக் கல்லிலும் வழவழப்பான கல்லிலும் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். மடக்குக்கத்திக்கு 600 முதல் 1000 எண் வரை உள்ள கல் போதும் என்பது என் தீர்ப்பு. அதில் நார், கயிறு, தக்காளித் தோல் எல்லாம் கடிபடும். அதற்கு மேல் மெருகேற்றினால் மரம் சீவவும் ஒட்டுக் கட்டவும் நன்றாக இருக்கும், கயிற்றில் வழுக்கும்.

இனி, பலர் கோட்டைவிடும் இடம். பிசிறை வரவழைத்தோம், இப்போது அதைப் போக்க வேண்டும். பிசிறு வாயிலேயே நின்றுவிட்டால் கத்தி முதல் நாள் மயிரைச் சிரைக்கும், இரண்டு அட்டை வெட்டியதும் மழுங்கிவிடும். அந்த மெல்லிய இழை மடிந்து அறுந்து, கீழே உருண்ட வாயை விட்டுப்போவதுதான் காரணம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் தீட்டிய வாய்களை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்துக் காட்டியிருக்கிறார். கல்லை விட்டு வந்த வாயில் பிசிறு எப்படித் தொங்குகிறது என்று அந்தப் படங்களில் தெளிவாகப் பார்க்கலாம். போக்கும் வழி இது: கடைசிக் கல்லில், கல்லின் எடையைக்கூட விரலால் தாங்கிக்கொண்டு, வாயிலிருந்து முதுகை நோக்கிய திசையில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாறி மாறித் தடவுங்கள். ஒவ்வொரு சில தடவலுக்கும் இரு பக்கமும் தொட்டுப்பாருங்கள். பிசிறு ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தாவிக்கொண்டே இருந்தால் அழுத்தம் அதிகம். பிறகு தோல். சலூனில் முன்பு சவரக்கத்தியைத் தோல்வாரில் இழுப்பார்களே, அதேதான். பழைய இடுப்புவாரை மரக்கட்டையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிக்கொண்டால் போதும். இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. அழுத்தினால் தோல் குழிந்து வாயைச் சுற்றி ஏறி உருட்டிவிடும். மெதுவாக, பக்கத்துக்குச் சில முறை.

கூர்மையைச் சோதித்துப் பார்ப்பதற்குச் செய்தித்தாள் ஒன்றே போதும். ஒரு கையில் தொங்கவிட்டு, பிடியோரத்திலிருந்து நுனிவரை இழுத்து வெட்டுங்கள். ஓசையில்லாமல் இறங்கினால் நன்று. ஓரிடத்தில் கிழிந்தால் அந்த இடத்தில் பிசிறோ மொண்ணையோ இருக்கிறது. மார்க்கரால் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் திரும்பப் போங்கள். விரல் நுனியை வாயின் நெடுக்கே ஓட்டிச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம், அதிலும் பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம்.

பூட்டு இல்லாத மடக்குக்கத்தி, சுவிஸ் கத்திகளில் பெரும்பாலானவை அப்படித்தான், முதுகின்மேல் பலம் விழுந்தால் விரல்மேல் மடங்கிவிடும். தோலில் இழுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மூட்டுக்குள் போன இரும்புத்தூளை வெந்நீரில் ஆட்டிக் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பழம் நறுக்கும் கத்தியென்றால் சமையலுக்கு ஆகும் எண்ணெயே விடலாம்.

இப்படி ஒருமுறை அடித்தளம் போட்டுவிட்டால் முரட்டுக் கல் நெடுநாள் தேவைப்படாது. செய்தித்தாள் லேசாகக் கிழியத் தொடங்கும்போதே வழவழப்பான கல்லிலோ பீங்கான் கோலிலோ சில தடவல், பிறகு தோல். மழுங்கி முடியும்வரை காத்திருந்தால்தான் இரும்பு அதிகம் தேயும், நேரமும் அதிகம் போகும்.

கத்தி கொண்டுவந்திருப்பவர்கள் மடக்கிய நிலையிலேயே இந்த மேசையில் வையுங்கள். கல்லைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் மை பூசி, இப்போது அதில் என்ன கோணம் இருக்கிறது என்று பார்ப்போம். கேள்விகளை வேலை நடக்கும்போதே கேட்கலாம்.